நான் தமிழில் எழுதச் சொன்ன வரைபடம்

நேற்று எங்கள் கோவில் பங்கு அலுவலகத்தில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: பாதர், முன்மேசையில் வேலை செய்யும் ரீட்டா, கண்டியிலிருந்து வந்த கொம்பியூட்டர்காரர், நான். கூரைத் தட்டின் பலகை ஒன்றைக் கழற்றியதும் வௌவால் எச்சத்தின் வாடை அறை முழுக்க இறங்கியது. ஏணியில் நின்றவர் ஒரு வயரை இழுத்து, அதில் ஒட்டியிருந்த சிறு துண்டைக் காட்டினார். ‘கணக்கு அக்காவின் மேசை’ என்று உங்கள் எழுத்து. இவ்வளவு சுத்தமாக யார் செய்தது என்று கேட்டார். ரீட்டா குனிந்துகொண்டாள். பாதர் என்னைப் பார்த்தார்.

தம்பி, நான் களைத்துப்போய்விட்டேன். இதை இனியும் எழுதாமல் இருக்க முடியாது.

சண்டையால் பாதை மூடிக் கிளிநொச்சிக்குத் திரும்ப முடியாமல் நீங்கள் பலாபத்வலவில் போர்டிங் எடுத்துத் தங்கியிருந்த காலம் அது. எங்களிடம் ஐந்து கொம்பியூட்டர்கள் இருந்தன, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல். யட்டவத்தப் பக்கத் தோட்டத்திலிருந்து பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கொப்பி வாங்க நாங்கள் கொடுக்கும் காசுக்கு வரும் தாயின் பெயர் ரீட்டாவின் பட்டியலில் இருக்கும், என்னுடையதில் இருக்காது. அதைச் சரிபார்த்து முடிக்கும்வரை அவள் வாசலில் காத்திருப்பாள், அன்றைய நாட்சம்பளம் போய்விடும். ஐந்தையும் இணைத்து ஒரே பட்டியலாக்க வேண்டும் என்று பாதர் ஒரு தொகையை ஒதுக்கி, அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை என்று சொல்லி, பொறுப்பை என்னிடம் விட்டார். சமையலை முடித்துவிட்டுக் கணக்கெழுத வரும் எனக்கு அது பெரிய பயமாக இருந்தது.

நீங்கள் முதலில் கொண்டுவந்த திட்டத்தில் எல்லாமே புதிது. நான் ஒவ்வொரு வரியாக, இது இல்லாமல் நடக்காதா என்று கேட்டேன். அக்காவிடம் விலை பேசுவதைவிடப் பொலிஸ் விசாரணை லேசு என்று சிரித்தீர்கள். கடைசியில் பழைய கொம்பியூட்டர்களையே வைத்துக்கொள்வது, அவற்றில் நல்லதை எல்லாவற்றுக்கும் தலையாக்குவது, கரண்ட் அடிக்கடி போவதால் பேட்டரிப் பெட்டி ஒன்று வாங்குவது, இணைக்கிற பெட்டியைப் பழையதாகப் பார்த்து வாங்குவது என்று முடிவானது. வயரிலும் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். அங்கே மட்டும் நீங்கள் இறங்கி வரவில்லை.

“அக்கா, பெட்டிய அடுத்த வருசமும் மாத்தலாம். சுவருக்குள்ள போன வயர மாத்த ஏலாது. அதில கை வைக்காதேங்கோ.”

நேற்று வந்தவர் பெட்டியைத்தான் மாற்றினார். நீங்கள் இழுத்த வயர் ஒன்றையும் தொடவில்லை.

முன்கட்டிடத்தை முடித்தபின், பின்கட்டிடத்துக்கான வரைபடத்தைப் போட்டீர்கள். அடி அடியாக நடந்து அளந்தீர்கள். வழக்கம்போல ஆங்கில எழுத்தும் எண்ணுமாகக் குறித்துக்கொண்டு வந்தபோது நான் தடுத்தேன். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவள் இல்லை, கொம்பியூட்டரையும் நானாகவே தட்டித் தட்டிப் பழகியவள். “எல்லாத்தையும் தமிழ்ல எழுதுங்க தம்பி. நாளைக்கு நீங்க இல்லாட்டி நான்தானே பாக்கணும்” என்றேன். நீங்கள் முகம் கோணாமல் மறுபடி எழுதினீர்கள்: வாசல், பின்கதவு, பாதர் அறை, இங்கிருந்து நாற்பது அடி, மெயின் இங்கே.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வயர் விலை கேட்க மாத்தளைக்குப் போனீர்கள். திரும்பி வரும் வழியில் பொலிஸார் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். கிளிநொச்சி அடையாள அட்டை, கையில் ஒரு கட்டிடத்தின் படம், கதவுகளும் அம்புக்குறிகளும் அடிக்கணக்கும், எல்லாம் தமிழில். உங்களை இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் காலை பொலிஸிலிருந்து இரண்டு பேர் அலுவலகத்துக்கு வந்தார்கள். பாதர் கொழும்பில் இருந்தார். ரீட்டா வந்திருக்கவில்லை. தாளை என் மேசையில் விரித்து, இது என்னவென்று தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். நான் சிங்களம் நன்றாகப் பேசுவேன், வார்த்தை கிடைக்காமல் போகவில்லை. கூரையைக் காட்டி, இதோ இந்த வயர்தான், தமிழில் எழுதச் சொன்னவள் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். என் மகள் அந்த வருடம் படிப்புக்காகத் தினமும் கண்டிக்குப் பஸ்ஸில் போய்வந்தாள். அவள் முகம்தான் முன்னால் வந்தது. நான் வீட்டுப் பெண், கணக்கெழுத மட்டும் வருகிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த நாள் பூசை முடிந்ததும் பாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, குடையை எடுத்துக்கொண்டு “வாங்க போவம்” என்றார். நாங்கள் பொலிஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது உங்களை விசாரணைக்கு வேறிடம் அனுப்பியாகிவிட்டது. எந்த இடம் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகு பாதர் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் பதில் சொல்லவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், பாதர் மன்னிப்பும் தந்தார். ஆனால் நான் தெரியாது என்று சொன்னது உங்களைப் பற்றி. அதை உங்களிடம் அல்லவா சொல்ல வேண்டும்?

சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். நவம்பர் வந்தால் எங்கள் பங்கில் மரித்தோரின் பெயர்களைத் தாளில் எழுதிப் பீடத்தடிப் பெட்டியில் போடுவது வழக்கம், உங்களுக்குத் தெரியும். சென்ற வருடம் உங்கள் பெயரில் முதல் எழுத்தை எழுதி, அடித்துவிட்டேன். வீட்டில் ஜெபமாலை முடிந்து, பயணத்தில் இருப்பவர்களுக்காகச் சொல்லும் மன்றாட்டில்தான் உங்களைச் சேர்க்கிறேன். அப்படிச் சேர்ப்பதும் எனக்கு உரிமையில்லாத காரியம்போல இருக்கிறது.

வவுனியா முகாம்களுக்குப் போய்வரும் கன்னியாஸ்திரி ஒருவர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் அம்மா அங்கே இருக்கலாம் என்கிறார். அம்மாதான் இதைப் பிரிக்கிறார் என்றால், முழுவதையும் வாசியுங்கள் அம்மா, நான் செய்தது உங்களுக்கும் தெரிய வேண்டும். கோபமாக எழுதினாலும் சரி. தம்பி இருக்கிறாரா என்று ஒரு வரி எழுதுங்கள். நவம்பருக்கு முன் எழுதுங்கள்.