துரைக்கு உப்பில்லாச் சமையல்

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுவது. நாங்கள் நலம். நீ எங்களிடம் விட்டுப்போன துரையும் நலம். சொல்லப்போனால் எங்களைவிட நலம். பாடத்தை விட்டுவிட்டுப் பூனையை நினைத்து உருகிக்கொண்டிருக்காதே.

பாக்கெட் தீனியை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போனோம். வீட்டிலேயே சமைத்துப் போடலாம், ஆனால் உப்பு, காரம், வெங்காயம், பூண்டு எதுவும் ஆகாது என்றார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நான் முணுமுணுத்தேன். உன் அண்ணன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ருசி பார்க்க வேண்டாத சமையலா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். காய்ச்சலில் மூக்குக்கு மணமும் நாக்குக்கு ருசியும் தெரியாமல் போனதிலிருந்து அடுப்பு இருக்கும் பக்கமே வராத மனிதர், மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து அதைப் பற்றவைத்திருந்தார்.

அந்தக் கைப்பக்குவத்தை நீ பார்க்க வேண்டும். கோழியை மெதுவாக வேகவிட்டு, எலும்பை நீக்கி, சதையை விரல் நுனியால் தடவித் தடவி உதிர்க்கிறார். ஒரு சிறு துணுக்கு எலும்புகூட அந்த விரலுக்குத் தப்பாது. துளி ஈரல், மசித்த பரங்கிக்காய் கொஞ்சம், வெந்த முட்டையின் மஞ்சள் கரு, எல்லாவற்றையும் கறி வெந்த தண்ணீரிலேயே பிசைகிறார். டாக்டர் தந்த சத்துப் பொடி சூட்டில் வீணாகிவிடுமாம். புறங்கையில் தொட்டுப் பார்த்து, ஆறிய பிறகுதான் கலக்கிறார். மாணவர் விடுதியில் அண்டா அண்டாவாகச் சமைத்து இறக்கிய ஆள் ஒரு கிண்ணத்துக்கு இப்படி மெனக்கெடுகிறார். இவருக்குக் கழுத்தை நீட்டி இத்தனை வருஷம் ஆகியும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். துரையின் ரோமம் பளபளக்கிறது. முதுகெலும்பு இப்போது கையில் தட்டுவதில்லை.

போன வாரம் ஒரு நாள், கிண்ணத்தை வைத்ததும் முகர்ந்தது. மண்ணைத் தள்ளி மூடுவது போலத் தரையைப் பிறாண்டிவிட்டுப் போய்விட்டது. துரைக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். கறி கெட்டிருந்தது. கடையில் கொடுத்ததே பழசு போலிருக்கிறது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்குத்தான் பயந்தேன். விடுதிப் பசங்களுக்கு நான் இப்படி ஒண்ணை ஆக்கிப் போட்டிருந்தா?" என்றார்.

விடுதி வார்டன் வீடு தேடி வந்து வேலைக்குக் கூப்பிட்டும் இவர் போகாததை வீம்பு என்று நீயும் நானும் பேசிக்கொண்டோமே. அது வீம்பு இல்லை, சின்னவளே.

இரண்டு நாள் யோசித்தார். பிறகு தானே விடுதிக்குப் போய், வெளியே தெரியாமல் நாம் மூடி வைத்திருந்த மூக்கு, நாக்குச் சங்கதியை வார்டனிடம் உடைத்துச் சொல்லிவிட்டு வந்தார். அடுப்பு என் பொறுப்பு, முகர்ந்து உப்புப் பார்த்துச் சொல்ல மட்டும் பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்று கேட்டாராம். தன் கரண்டியை யாரும் தொடப் பொறுக்காதவர் இதை வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? விடுமுறை முடிந்து விடுதி திறந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் நாள் நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. கடைசி நேரத்தில் பின்வாங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நான் தைரியம் சொன்னால் எரிந்து விழுகிறார்.

நீ வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், எடுத்த படிப்பை நல்லபடியாக முடி. எனக்காக ஒன்று மட்டும் செய். இந்தக் கடிதம் கிடைத்ததும் அவருக்கு ஒரு போன் போடு. ஆறுதலாக எதுவும் பேசிவிடாதே. "நீ வேலைக்குப் போயிட்டா என் பூனைக்கு யாரு ஆக்கிப் போடுறது?" என்று சண்டை பிடி. "ரெண்டு இடத்துலயும் ஆக்க எனக்குத் தெரியும், நீ போனை வை" என்று அவர் கத்த வேண்டும். அதை நான் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

உன்னை நம்பியிருக்கும்,
அண்ணி