கல்லைக் கவ்வும் கடைசி வரிசை

சென்னை
12-7-2001

அன்புள்ள அம்மாவுக்கு, மாரிக்கனி வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? குட்டி போட்ட ஆடு தேறிவிட்டதா?

இங்கே பதக்கம் செய்கிறோம். அடி தட்டையான கல்லைத் துணியில் ஒட்டி, சுற்றிலும் பாசிமணி கோத்துத் தைக்க வேண்டும். கடைசி வரிசைக்குப் பொடி மணி போட்டு இழுத்தால், சுருக்குப்பை வாய் மாதிரி கல்லைக் கவ்விக்கொள்ளும். நேரமாகிறது, அந்த வரிசை வேண்டாம், பசையே போதும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். நேற்று சரக்கு வாங்க வந்தவர் ஒன்றைக் குலுக்கினார். கல் உருண்டு ஓடிவிட்டது. உடனே மேஸ்திரி, அதைத் தைத்த பானுவை வேலையை விட்டுப் போகச் சொன்னார். தப்பு அவர்களுடையது, வேலை போவது நமக்கு. எந்த ஊரிலும் இதுதான் நியாயம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பசை போதும்னு சொன்னது நீங்கதான அண்ணாச்சி? அப்ப நீங்க போங்க, அவ எதுக்குப் போவணும்?" என்றேன். எல்லோரும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்கள். வந்தவருக்குச் சரக்கு வேண்டுமே, மேஸ்திரி பானுவை இருக்கச் சொல்லிவிட்டார். பானு இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரிசை தைக்கிறாள். மேஸ்திரி என்னைத் 'தலைவி' என்று கூப்பிடுகிறார். பயப்படாதீர்கள்.

நூலில் தேய்க்கக் கொஞ்சம் தேன்மெழுகு அனுப்புங்கள். உங்களுக்குக் கடிதம் எழுதித் தருகிறவரிடம், நீங்கள் என்னைத் திட்டுவதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். இங்கே உங்களைப் போல என்னை 'ஏட்டி' என்று கூப்பிட ஆளில்லை.

தபால் எடுக்க வரும் நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்
மாரிக்கனி