ஸ்வெட்டர் பையில் நாலு கிலோ

அக்கா,

உன் உடல்பருமன் அறுவைச் சிகிச்சைக்காகக் காப்பீட்டுக்காரர்கள் கேட்ட ஆறு மாத எடைப் பதிவில் நீ துளியும் குறையவில்லை. உன் உடைகளோ தொளதொளக்கின்றன. மருத்துவமனைத் தராசில்தான் கோளாறு என்று சந்தேகப்பட்டேன். என் வேலையே தராசைச் சோதிப்பதுதானே! நேற்று நீ எடை பார்த்துவிட்டு வந்ததும் என் எடைக்கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். தராசு சரியாகத்தான் இருக்கிறது. என் பெட்டியில்தான் இரண்டு கிலோ எடைக்கற்கள் இரண்டைக் காணோம்.

"ஸ்வெட்டரைக் கழட்டுங்கன்னா குளிருதுங்கறாங்க உங்கக்கா. மூஞ்செல்லாம் வேர்த்துக் கொட்டுது!" என்று நர்ஸ் சிரித்தார்.

எடை அவர்கள் வைத்த வரம்புக்குக் கீழே போனால் காப்பீடு கைவிரித்துவிடும் என்ற பயம் புரிகிறது. ஆனால் மயக்க மருந்தை அந்த எண்ணை வைத்துத்தான் அளப்பார்கள். இரும்புக்கும் சேர்த்தா ஊசி போடுவது?

திங்கட்கிழமைக்குள் டாக்டரிடம் நீயே சொல்லிவிடு. இல்லையென்றால் நான் சொல்வேன். காப்பீட்டுக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். அக்காவுக்கு எங்கே போய் விண்ணப்பிப்பேன்?

கற்களைப் பெட்டியில் வை.

உன் தம்பி