அப்பாவுக்கு வீடு இல்லை என்ற உயில்

மார்கிட்,

ஓவனில் தேவாலய விருந்துக்கான உருளைக்கிழங்கு வேகிறது. ஓவன் மணி அடித்ததும் எடுத்து விருந்துக்குக் கொண்டுபோய்விடு. உன் வழக்கப்படி கருகும் வாசனைக்காகக் காத்திராதே. பாத்திரத்தின் அடியில் நம் பெயர் ஒட்டியிருக்கிறது. சென்ற முறைபோல் வேறொருவர் பாத்திரத்தோடு திரும்பாதே.

நான் வழக்கறிஞரிடம் போகிறேன். நேற்று நீ, "அப்பாவுக்கு வீட்ட எழுதலையா? அம்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன்மா!" என்று கத்திவிட்டுக் கதவை அறைந்தாய். கீல் கழன்றுவிட்டது, திருப்புளி மேசைமேல் இருக்கிறது.

கதவு கேட்கவிடாத பதில் இதுதான். அப்பா பெயரில் சொத்து இல்லாததால்தான் அவர் இருக்கும் முதியோர் பராமரிப்பு இல்லத்துச் செலவை அரசு ஏற்கிறது. நான் இங்கே வசிக்கும்வரை என் பெயரிலுள்ள இந்த வீட்டைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். ஆனால் நான் முதலில் இறந்தால், 'அனைத்தும் ஆர்வில்லுக்கே' என்று கல்யாணமான புதிதில் உருகி எழுதிய உயிலின்படி வீடு அப்பாவுக்குப் போகும். அரசு உதவி நின்றுவிடும். வீட்டை விற்றுத்தான் அவருக்குக் கட்டவேண்டும். நீ உன் பூனைகளோடு பனியில் நிற்பாய். அதனால் புது உயிலில் வீட்டை உன் பெயருக்கு எழுதுகிறேன். அழுதுகொண்டு நன்றி சொல்ல வராதே, கீலை மாட்டு.

பி.கு.: அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "வீடு கெடக்கட்டும், வில்மா. நீ எனக்கு முன்னாடி போகாம இருந்தாப் போதும்" என்றார். முயல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா