வேலிக்கு அந்தப் பக்கம்

தங்கச்சிக்கு,

பாகம் பிரித்து மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவள் எழுதுகிறாளே என்று கிழித்துப் போட்டுவிடாதே.

இந்த வருஷக் கொய்யா முழுக்கப் போயிற்று. வியாபாரி ஒரு பழத்தைப் பிட்டான். சோற்றுப் பருக்கை போல வெள்ளைப் புழுக்கள் நெளிந்து, அவன் உள்ளங்கையிலிருந்து துள்ளி விழுந்தன. "அக்கா, நான் பழம்தான் கேட்டேன், கறி கேக்கல" என்று வண்டியைத் திருப்பிவிட்டான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பழ ஈயாம். விழுந்த பழத்திலிருந்து புழு மண்ணுக்குள் இறங்கி, ஈயாக எழும்பி வருமாம். விவசாய ஆபீசர் வந்தார். உன் பக்கம் வேலியோரமாக அழுகிக் கிடந்த கொய்யாக் குவியலைக் காட்டி, "விழுந்த பழத்த ஆழமாப் புதைங்கன்னு போன வருஷமே சொன்னேனே, யார் கொட்டினது?" என்றார்.

"என் தங்கச்சிக்கு எதுலயுமே அக்கறை கிடையாதுங்க" என்றேன்.

அவர் உன் நிலத்தை நிமிர்ந்து பார்த்தார். அங்கே மூங்கிலைத் தவிர வேறு மரமே இல்லை.

"ஈக்கு வேலி தெரியாதும்மா" என்று மட்டும் சொன்னார்.

இன்று காலை மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, அத்தனையையும் வாரி என் பக்கமே கொண்டுவந்து புதைத்தேன். நாலு தடவை சோப்புப் போட்டும் கையில் நாற்றம் போகவில்லை. இந்தத் தாளிலும் இருக்கும்.

பாகம் பிரித்த பிறகு உன் நிலத்தில் நான் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. அதுவரை வேலி தாண்டி வந்ததெல்லாம் என் கூடைதான்.

உன் அக்கா