தொட்டில் கட்டிய விட்டம்

செப்டம்பர் 16, திங்கள்

தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில், மதியத் தூக்கத்தில் அஜந்தனின் நெற்றி முழுக்க வெள்ளைத் தூள். ஆறு மாதப் பிள்ளைக்கு இவ்வளவு பவுடரா என்று அவன் அம்மா பிரஷாந்தினியைத் திட்டிக்கொண்டே துடைத்தேன். அரை மணி நேரத்தில் மறுபடியும் தூள். அண்ணாந்து பார்த்தேன். தொட்டில் கட்டியிருக்கும் விட்டத்தில் குண்டூசியால் குத்தியது போல ஓட்டைகள்.

மாதாவே, மரம் உளுத்துப் போயிருக்கு.

செப்டம்பர் 17

இவரிடம் சொன்னேன். "கூரத் தூசிடி அது," என்று சோற்றைப் பிசைந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கா தெரியாது? கேஷானி என் வயிற்றில் இருந்தபோது இவரே ஆற்றோரம் நட்ட அல்பீசியா. அவள் நாலாம் வகுப்புக்குப் போவதற்குள் மரம் பேக்டரிக் கூரையைத் தாண்டிவிட்டது. வேகமாக வளரும், ஆனால் உடம்பு பஞ்சு. அறுத்ததை மருந்துத் தண்ணீரில் மூன்று வாரம் ஊறப்போட்டால்தான் வண்டு தொடாது. பிள்ளைக் காம்பராவைப் பொங்கலுக்குத் திறக்க வேண்டும் என்று துரை சொன்னதும் இவர் அப்படியே பச்சையாக ஏற்றிவிட்டார். "யாரு கேக்கப் போறா?" என்றார். ஏணியைப் பிடித்தவள் நான். நானும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பிறகுதான் தோட்டமே இவரை "பாஸ்" என்று, தச்சு மேஸ்திரிக்குரிய மரியாதையோடு கூப்பிடுகிறது. அதுவரை தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலை ஏறியவர், வெறும் "ஏய் மாணிக்கம்". இப்போது தச்சு வேலை என்றால் இவர்தான். அந்த ஒரு சொல்லுக்காக என் வாயும் அடைத்துக் கிடக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 20

இன்றும் தூள்.

செப்டம்பர் 24

நான்கு தொட்டிலையும் அவிழ்த்துவிட்டேன். கயிறு நைந்துபோச்சு என்று பொய் சொன்னேன். கொழுந்துக் கூடையோடு வந்த பிரஷாந்தினி பிடித்துக்கொண்டாள். "இந்தக் குளுருல பச்சப்புள்ளய தரையில போடுவியாக்கா? சளி நெஞ்சுல எறங்குனா நீயா பசறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவ?"

கணக்கப்பிள்ளை காதுக்குப் போய்விட்டது. சாயந்திரம் புது நைலான் கயிற்றோடு இவரே வந்தார். அந்த விட்டத்திலேயே, என் கண்முன்னாலேயே, நான்கையும் கட்டினார். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். இழுத்துப் பார்த்தால் போதுமா? கட்டினாரே!

அக்டோபர் 3

மழை தொடங்கிவிட்டது. பிள்ளைகள் தூங்கும் நேரம் முழுக்க நான்கு தொட்டிலுக்கும் கீழே மாறி மாறிக் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன். பைத்தியக்காரி மாதிரி. இரண்டு கை, நான்கு தொட்டில்.

வீட்டில் சண்டை.

"சொல்லிப் பாரு. நாளைக்கே கத்தியக் கையில குடுத்து மலைக்கு அனுப்பிருவாங்க."

"அப்ப புள்ளைங்க?"

"விழாதுடி."

"விழாதுன்னா நாளைக்கு நம்ம கேஷானிய அதுல ஏத்தி ஆட்டிக் காட்டுங்க பாப்போம்!"

எழுந்து வெளியே போய்விட்டார்.

அக்டோபர் 6, ஞாயிறு

பூசை முடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். சமையலுக்கு வைத்திருந்த பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி அஜந்தனின் தொட்டிலில் போட்டேன். எட்டத் தள்ளி நின்று கம்பால் ஆட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்று அழுகையே வந்துவிட்டது. இவர் சொன்னதுதான் சரியோ, நான்தான் கிறுக்கியோ? இன்னும் கொஞ்சம் ஆட்டினேன்.

சடசடவென்று ஒரு சத்தம். விட்டம், தகரம், எல்லாம் ஒன்றாக இறங்கியது.

சத்தம் கேட்டு இவர் ஓடிவந்தார். வெடித்துக் கிடந்த மூட்டையைப் பார்த்தார். விட்டத்தில் ஒரு துண்டை எடுத்துக் கசக்கினார். மாவாக உதிர்ந்தது. அப்புறம் குனிந்து அரிசியை அள்ளத் தொடங்கினார். போதும், எழுந்திரிங்க என்றேன். எழுந்திருக்கவில்லை.

அக்டோபர் 7

காலையில் ஆட்களெல்லாம் வேலைக்கு வரிசையாக நிற்கும் பெரட்டில், கணக்கப்பிள்ளை சொன்னார்: "நேத்துக் காத்துல கூர போயிருச்சு. நல்லவேள, ஞாயித்துக் கெழம." அப்படியே விட்டிருந்தால் முடிந்திருக்கும்.

இவர் முன்னால் போனார். "காத்து இல்லங்க. மருந்துல ஊறப்போடாம ஏத்துனேன். தப்பு என்னோடது."

யாரும் இவரைத் திட்டவில்லை. பிரஷாந்தினி என்னைத்தான் பார்த்தாள்.

"ஒனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

சொன்னேன். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மழையிலேயே மலைக்குப் போனாள்.

அக்டோபர் 29

பதினொரு பிள்ளைகள் வந்த இடத்தில் மூன்று. கோயில் கூடத்தில் வைத்துப் பார்க்கிறேன். இவர் மறுபடியும் கவ்வாத்துக் கத்தியோடு மாணிக்கம். வேலை முடிந்து வந்து, புதிதாக வெட்டிய அல்பீசியாவை மருந்துத் தொட்டியில் புரட்டிப் போடுகிறார். கூலி கிடையாது. எத்தனையாவது நாள் என்று என்னிடம்கூடச் சொல்வதில்லை. சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறார்.

டிசம்பர் 2, திங்கள்

புதுக் கூரைக்குக் கீழே முதல் நாள்.

பிரஷாந்தினி வந்தாள். பெஞ்சில் ஏறிக் கொண்டை ஊசியால் விட்டத்தை நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்தாள். கயிற்றைப் பிடித்து இரண்டு காலையும் தூக்கித் தொங்கினாள். விட்டம் அசையவில்லை. பிறகுதான் அஜந்தனைத் தொட்டிலில் போட்டாள்.

"வேலைக்கு நேரமாகுதே," என்றேன்.

"அரப்பேருதான? பாதிக் கூலி போனாப் போகட்டும்," என்று தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மதியம் வரை மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பக்கம் நானும் உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளை நெற்றியில் எதுவும் விழவில்லை.