படத்தில் அவர் பக்கத்தில்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

நேற்று இங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் நூற்றைம்பதாவது ஆண்டு விழாவுக்கு நாற்காலி போடப் போயிருந்தேன். பழைய மாணவர்கள் படமெடுக்க நின்றபோது, மறதி நோய் வந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“டேய் குள்ளா! இத்தனை வருஷம் எங்கடா போன? சாப்பிட்டியா?”

அவர் மகள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

“சாப்பிட்டேன்டா” என்றேன். பெரியவரை ‘டா’ போட்டதற்குத் திட்டாதே. வாத்தியார் எங்களைப் பெஞ்சின்மேல் நிறுத்திய கதையைச் சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன். படத்தில் அவர் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

பீரோவில் என் பத்தாம் வகுப்புப் படம் இருக்கும். அதை அனுப்பிவை.

கிளம்பும்போது, “நாளைக்கும் வருவேல்ல?” என்று கேட்டார். வருவதாகச் சொல்லிவிட்டேன் அம்மா. இன்று எங்களுக்கு வேறு இடத்தில் வேலை. வேன் வந்துவிட்டது.

உன் மகன்